ஐஸ் வண்டி விற்பனைக்கு

பலாபத்வல,
12.11.1995

அன்புத் தம்பி முத்துவீரனுக்கு,

அக்கா அழகம்மா எழுதுவது. நானும் உன் மச்சானும் சுகம். அவருடைய முழங்கால் வலி மட்டும் மழைக்கு எழும்பி வெயிலுக்குப் படுத்துக்கொள்கிறது. நீ சுகமாக இருக்க வெள்ளிக்கிழமை தோறும் மாத்தளை மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறேன்.

உன் போட்டோ வந்து சேர்ந்தது. சிவப்பு ஐஸ் வண்டிமேல் மந்திரி மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பட்டி, சக்கரமே இல்லை. "சக்கரம் இல்லாத வண்டிக்கு இவன் எங்க காத்தடிப்பான்?" என்று மச்சான் கேட்கிறார். நீ வேலை பழகிய கராஜுக்கும் கொண்டுபோய்க் காட்டி, நீ எழுதியதையும் சொன்னேன். லாபிர் நானா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "கார் எஞ்சினைக் கழட்டி இதுல போட்டு, டர்போவும் பூட்டி, கேஸ்ல வேற ஓட்டுறானா? படத்தைத் தாங்க, சுவத்துல ஒட்டணும்" என்றார். நான் கொடுக்கவில்லை. ஏனென்றால் அதை நாலந்தாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

நாலந்தா செல்லச்சாமியை உனக்குத் தெரியும், ஆலையில் மிளகு நிறுப்பவர். அவர் மகள் புஷ்பகாந்தி தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். போட்டோவை வாங்கி உன்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தது. "இதுல ரெண்டு பேர் உக்காரலாமா?" என்று கேட்டது. கேட்ட பிறகு அதுக்கே வெட்கம் வந்து உள்ளே போய்விட்டது. எனக்குப் பிடித்துப்போனது. உன் விருப்பத்தை உடனே எழுது. நீ போய் ஏழு வருஷம் ஆகிறது, இனியும் தள்ள முடியாது.

நீ அனுப்பிய காசில் வாங்கிய கேஸ் குக்கர் நன்றாக எரிகிறது. விடியற்காலைக் குளிரில் மட்டும் நெருப்பு சோம்பிப் போகும். சிலிண்டர்மேல் ஒரு கேத்தல் வெந்நீர் ஊற்றினால் துள்ளி எரியும். உன் வண்டியும் கேஸில்தானே ஓடுகிறது? அடம் பிடித்தால் நீயும் ஊற்று. மெக்கானிக்குக்கு அக்கா பாடம் சொல்லிக் கொடுத்தாள் என்று வெளியில் சொல்லிவிடாதே.

கம்பளிச் சட்டை போடாமல் வெளியே இறங்காதே.

உன் அக்கா,
அழகம்மா


வட ஒன்டாரியோ, கனடா,
10.12.1995

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நான் நல்ல சுகம். உங்கள் கடிதம் வந்த அன்று சமைக்காமலே வயிறு நிறைந்துவிட்டது.

மச்சானுக்குச் சொல்லுங்கள், இது உறைந்த ஏரியிலும் பனியிலும் சறுக்கி ஓடுகிற வண்டி. எஞ்சின் செத்துப்போய் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் கிடந்ததை எடுத்தேன். மோதி நொறுங்கிய சின்னக் காரின் எஞ்சினை அதில் இறக்கினேன். டர்போ என்பது பெரிய மாயம் இல்லை. வெளியே போகிற புகையே ஒரு சின்ன விசிறியைச் சுற்றும், அந்த விசிறி எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும். குந்தியிருக்கிற மாட்டின் வாலை முறுக்கிய மாதிரி வண்டி எழும்பும். பெட்ரோலுக்குப் பதில் கேஸ். இந்த ஊரில் இப்படி ஒன்று யாரிடமும் இல்லை. நான் வேலை செய்யும் கராஜ் முதலாளி முதலில் சிரித்தார், இப்போது வருகிறவர்களை எல்லாம் கூட்டிவந்து காட்டுகிறார்.

ஒரு குறை உண்டு. எஞ்சின் சூடாக இருந்தால் கேஸ் ஒழுங்காக வரும். கடும் குளிரில் எஞ்சின் ஆறிவிட்டால் கேஸ் சிலிண்டருக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொள்கிறது. போன வாரம் கொட்டிலுக்குள் வைத்து உங்கள் வெந்நீர் வித்தையைச் செய்தேன். உடனே கிளம்பியது! இப்போது தேத்தண்ணி பிளாஸ்க் இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை, எனக்குப் பாதி, வண்டிக்குப் பாதி.

நாலந்தா விஷயம் உங்கள் விருப்பம். எனக்கும் விருப்பம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, நீங்களே விளங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம் என்று டீச்சரிடம் சொல்லுங்கள்.

தம்பி,
முத்துவீரன்


பலாபத்வல,
05.01.1996

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். உன் சுகத்துக்குக் குறைவில்லை என்பது கடிதத்திலேயே தெரிந்தது, ஒரே சிரிப்பு.

தை பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் பூ வைக்கப் போகிறோம். கல்யாணம் ஆவணியில். "பையன் மெக்கானிக், கைத்தொழில் இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவான்" என்று செல்லச்சாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நீ சொன்னதைப் பிள்ளையிடம் சொன்னேன். "அப்ப பின்னால உக்காந்தா எதைப் புடிச்சுக்கிறது?" என்று கேட்கிறது. இதற்குப் பதில் நான் சொல்ல முடியாது, நீயே எழுது.

ஆவணிக்கு லீவு சொல்லி வை. பதிலைத் தாமதிக்காதே.

அக்கா


பலாபத்வல,
03.03.1996

தம்பி முத்துவீரனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை.

பூ வைத்து ஒரு மாசம் தாண்டிவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கொழும்பில் குண்டு வெடித்த பிறகு இங்கே ரோட்டெல்லாம் சோதனை. நாலந்தாவுக்குப் போகிற பஸ்ஸில் எங்களை மட்டும் இறக்கி அடையாள அட்டை பார்க்கிறார்கள். அதனால் தபால் தாமதம் என்று செல்லச்சாமியிடம் சொல்லிவைத்தேன். "எங்க மச்சினனுக்கு கனடாவுல இருந்து வாரத்துக்கு வாரம் கடிதம் வருதே" என்று அவர் வீட்டில் வந்திருந்த ஒருத்தி சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

மாரியம்மன் கொடியேற்றத்துக்கு நாலந்தா ஆட்களும் வந்திருந்தார்கள். புஷ்பகாந்தி என் பக்கத்தில் நின்று சாமி கும்பிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனம் மாறியிருந்தால் அதையாவது எழுது.

அக்கா


கனடா,
24.03.1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கோபிக்க வேண்டாம். வேலை அதிகம். குளிருக்குக் கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணல்.

மனம் மாறவில்லை. ஐஸ் வண்டியை விற்கப் போகிறேன். டீச்சரிடம் சொல்ல வேண்டாம்.

முத்துவீரன்


பலாபத்வல,
16.04.1996

அன்புத் தம்பிக்கு,

வருஷப் பிறப்பு முடிந்தது. உனக்கும் சேர்த்து ஒரு தட்டில் பலகாரம் வைத்தேன், மச்சான் தின்றுவிட்டார். சுகமாக இருக்கிறோம்.

நாலு வரி எழுதினாலும் எழுதினாயே. ஆனால் என்னடா எழுத்து அது? கோழி கிளறின மாதிரி! மச்சான் கண்ணாடி போட்டும் வாசிக்க முடியவில்லை, நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அடுத்த தடவை கையுறையைக் கழற்றி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எழுது.

வண்டியை ஏன் விற்கிறாய்? பிள்ளை மாதிரி வளர்த்த வண்டி. டிக்கெட்டுக்குக் காசு போதவில்லை என்றால் சொல், என் தோடு இருக்கிறது. நாலந்தாவில் புதுப் போட்டோ ஒன்று கேட்கிறார்கள், தனியாக நீ மட்டும் நிற்கிற மாதிரி. பத்திரிகை அடிக்க உன் நட்சத்திரமும் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கனடா,
12.05.1996

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஐஸ் கரைந்துவிட்டது. நீங்களும் மச்சானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தோட்டை விற்க வேண்டாம். போட்டோ இதோடு வைத்திருக்கிறேன்.

வண்டி விலைப்பட்டுவிட்டது. அது நடந்த கதையை உங்களுக்குத்தான் எழுத முடியும். ஐஸ் இருக்கும்போதே கடைச் சுவரில் விற்பனைக்கு என்று எழுதி ஒட்டினேன். கார் எஞ்சின், டர்போ, கேஸ் எல்லாம் எழுதினேன், குறையை எழுதவில்லை. ஒரு பெடியனும் அவன் மனைவியும் வந்தார்கள். அந்தப் பிள்ளை மாசமாக இருந்தது. ஏரிக்கு அக்கரையில் தாய் வீடாம், போய்வர வேண்டும் என்றது. அவர்கள் வருமுன் நான் வண்டியைக் கொட்டிலுக்குள் வைத்துச் சூடாக்கியிருந்தேன். ஒரே இழுப்பில் கிளம்பியது. இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள், அந்தப் பிள்ளை அவன் முதுகில் சாய்ந்துகொண்டு சிரித்தது.

லாபிர் நானா கராஜில் பழைய வண்டி விற்கும்போது ஒரு பழக்கம் உண்டு. காசைப் பற்றிப் பேசுமுன் வாங்க வந்தவரை உட்கார வைத்து, வண்டியின் குறைகளை முதலில் சொல்வார். "கொறைய மறைச்சு வித்த காசு ஹராம்டா, வயித்துல தங்காது" என்பார். அது ஞாபகம் வந்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எஞ்சினை நிறுத்தினேன். நடு ஏரியில் நின்றால் இது கிளம்பாது, கையால் எதுவும் செய்ய முடியாது, நடந்தும் வர முடியாது, உங்கள் மனைவியை இதில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் திருடன். சொல்லாமல் சூடாக்கி வைத்தவன் திருடன்தானே. மனைவியைக் கைப்பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

பிறகு எல்லாக் குறையையும் எழுதி ஒட்டினேன். நிறையப் பேர் வாசித்துச் சிரித்தார்கள். கடைசியில் ஒருவர், கேஸைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று பாதி விலைக்கு எடுத்தார்.

அக்கா, ஒரு சின்னச் சந்தேகம். தாலி கட்டும்போது மூன்று முடிச்சும் மாப்பிள்ளையே போட வேண்டுமா?

முத்துவீரன்


பலாபத்வல,
04.06.1996

முத்துவீரா,

சுகம் விசாரிக்க இந்தத் தடவை எனக்குப் பொறுமை இல்லை.

மே மாசம் ஐஸ் கரைந்துவிட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த எழுத்தும் கோணல்தான். கரைந்த பிறகும் கையுறையா? போட்டோவில் கோட்டுப் போட்டு நிற்கிறாய், வலது கை பைக்குள் இருக்கிறது. மச்சான், "ஸ்டைலா நிக்கிறான்" என்றார். நீ ஸ்டைலாக நிற்கிறவன் இல்லை. நடு ஏரியில் வண்டி நின்றால் கையால் எதுவும் செய்ய முடியாது என்று அவ்வளவு நிச்சயமாக உனக்கு எப்படித் தெரியும்? முடிச்சுப் போடுவதைப் பற்றி எந்த மாப்பிள்ளையடா கேட்பான்?

உன் கைக்கு என்ன?

அக்கா


கனடா,
27.06.1996

அக்கா,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்து வாசியுங்கள்.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருக்கிறது. மற்ற நாலையும் மாசியில் எடுத்துவிட்டார்கள். இடது கையால் எழுதுகிறேன்.

ஏரிக்கு அக்கரையில் ஒரு லொறியைத் திருத்தப் போனேன். பூ வைக்கப் போவதாக நீங்கள் எழுதிய கடிதம் அன்றுதான் வந்தது, சட்டைப் பையில் இருந்தது. நடு ஏரியில் வண்டியை நிறுத்தி இன்னொரு தடவை வாசித்தேன். எதைப் பிடித்துக்கொள்வது என்று டீச்சர் கேட்டதற்கு என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஆறியது தெரியவில்லை. பிறகு கிளம்பவே இல்லை. பிளாஸ்க்கிலிருந்த தேத்தண்ணியை சிலிண்டர்மேல் ஊற்றினேன். வால்வைத் திருகிப் பார்க்கக் கையுறையைக் கழற்றினேன். தேத்தண்ணி என் கையிலும் வழிந்தது. கை நனைந்தபடியே இரும்பைப் பிடித்தேன். இந்த ஊரில் பிறந்த சின்னப் பிள்ளைகூட அதைச் செய்யாது. கை இரும்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் அங்கேயே நின்றது. மீன் பிடிக்க ஐஸ்மேல் குடிசை போட்டிருந்த ஒரு கிழவர் என்னைக் கண்டு தூக்கிப்போனார்.

வெந்நீரில் ஒரு பிழையும் இல்லை. கையுறையைக் கழற்றியவன் நான். இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

கராஜில் இப்போது சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. நட் ஒன்றைக்கூட என்னால் இறுக்க முடியாது. மெக்கானிக் என்று சொல்லித்தானே பெண் கேட்டீர்கள்? கடையில் காசு கொடுக்கும்போது மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று கையை ஒளிக்கிறேன். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் வேர்த்துவிடுகிறது. சாகாமல் வந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்கிறார்கள். எனக்கு வெட்கம்தான் வருகிறது.

இந்தக் கல்யாணம் வேண்டாம். எனக்கு இங்கே ஒரு வெள்ளைக்காரியோடு தொடர்பு என்று நாலந்தாவில் சொல்லிவிடுங்கள். என்னைத் திட்டிவிட்டு வேறு இடம் பார்ப்பார்கள். கையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். கெட்டவன் என்று சொன்னால் தாங்குவேன். ஐயோ பாவம் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிடக் கூடாது.

முத்துவீரன்


பலாபத்வல,
30.07.1996

என் தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததும் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. கேஸ் குக்கரை மூலையில் தள்ளிவிட்டு விறகில் சமைத்தேன். கேத்தலைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்தேன். ஊற்று என்று எழுதியவள் நான். நடு ஏரியில் உன்னை நிறுத்தி வைத்ததும் என் கடிதம்தான். பிறகு கோழி கிளறின மாதிரி என்று சிரித்தேனே, அதை நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நம்ப வேண்டும் என்கிறாய். நம்புகிறேன், ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

வெள்ளைக்காரிக் கதையைச் சொல்லத்தான் நாலந்தாவுக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே பாடம் பண்ணிக்கொண்டு போனேன். ஆனால் அந்த வீட்டில் எனக்குக் கதிரை போட்டு, மரியாதையாகத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள். நீ அந்த மாசமான பிள்ளைக்கு முன்னால் எஞ்சினை நிறுத்தினாயே, அது ஞாபகம் வந்தது. யாரோ வண்டி வாங்க வந்தவர்களிடம் குறை சொன்னவன் என் தம்பி. பெண் கொடுக்க வந்தவர்களிடம் நான் மறைத்தால் எனக்கு எது தங்கும்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

செல்லச்சாமி தலையைக் குனிந்துகொண்டு எழும்பவே இல்லை. அவர் மனைவி, "பூ வச்ச நேரம் சரியில்ல" என்றாள். புஷ்பகாந்தி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. அதுக்குக் கோபம்தான் வந்தது.

"வண்டி வாங்க வந்தவங்களுக்குச் சொன்னாரு. எனக்கு ஏன் சொல்லல? நீங்க ஏன் வந்து சொல்றீங்க மதினி? அவரை எழுதச் சொல்லுங்க. எந்தக் கையில எழுதினாலும் சரி."

அவ்வளவுதான். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தகப்பன் ஒன்றும் முடிவாகப் பேசவில்லை. ஆவணி இனி நடக்காது.

முடிச்சைப் பற்றிக் கேட்டாய். மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு மட்டும். மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு, அது எப்போதும் அக்கா தங்கச்சி போடுவது. எனக்குப் பத்து விரலும் இருக்கிறது. அந்த இரண்டு முடிச்சையும் பற்றி நீ கவலைப்படாதே. முதல் முடிச்சுக்கு வழி தேடு.

உன் அக்கா,
அழகம்மா


கனடா,
22.08.1996

புஷ்பகாந்தி டீச்சருக்கு,

நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை எழுதிக் கிழித்தேன். எங்கள் கராஜ் பழக்கப்படி குறைகளை முதலில் சொல்கிறேன்.

வலது கையில் நாலு விரல் இல்லை. இனி மெக்கானிக் வேலை செய்ய மாட்டேன். குளிர் காலத்தில் இல்லாத விரல்கள் வலிக்கின்றன, அப்போது யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். உங்களுக்கு எழுதாமல் ஒளிந்திருந்தேன். பொய் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தும்படி அக்காவைக் கேட்டேன். இந்த ஐந்தில் கடைசி இரண்டும் கையால் வந்த குறை இல்லை, அவைதான் எனக்கு அதிக வெட்கம்.

நல்லது என்று சொல்ல அதிகம் இல்லை. சாமான் கொடுக்கிற வேலை நிரந்தரம். ஒரு நூலைக் கதவுப் பிடியில் கட்டி, இடது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போடப் பழகுகிறேன். சில நாள் வருகிறது, சில நாள் அவிழ்ந்துவிடுகிறது.

பின்னால் உட்கார்ந்தால் எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டீர்களாம். ஓட்டுகிறவனை என்று எழுத நினைத்திருந்தேன். இப்போது வண்டி இல்லை. உங்கள் முடிவு எதுவானாலும் அது நியாயம்.

முத்துவீரன்


நாலந்தா,
17.09.1996

மதிப்புக்குரியவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பா மட்டும் இன்னும் பேசவில்லை. நேற்று உங்கள் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டுத் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தார். தை மாசத்துக்கு மண்டபம் கிடைக்குமா என்று அம்மாவிடம் கேட்டாராம்.

எனக்குக் கோபம் போகவில்லை. போகும்போது சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தின் எழுத்தைப் பார்த்து இவளெல்லாம் டீச்சரா என்று நினைப்பீர்கள். இது என் இடது கை. நாலு வரி எழுதுவதற்குள் தோள் வரை கடுக்கிறது. பேனா நான் சொல்கிற பக்கம் போகவே இல்லை. பங்குனியிலிருந்து நீங்கள் எல்லாக் கடிதத்தையும் இப்படித்தான் எழுதினீர்கள் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

மதினிக்கு இரண்டு முடிச்சு என்று கேள்விப்பட்டேன். முதல் முடிச்சுக்குப் பல் வேண்டாம், சபையில் பார்க்க நன்றாக இருக்காது. ஒரு நுனியை நீங்கள் பிடியுங்கள். மற்ற நுனியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

புஷ்பகாந்தி